அரைப்பேர்த் துரையின் தேநீர்க்கடை

1

அம்மாவின் நினைவு நாளுக்குத் தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று அரை நாள் விடுப்புக் கேட்டேன். மேலதிகாரி உடனே தலையாட்டிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டியதுதானே? வாய் சும்மா இருக்கவில்லை. "அப்படியென்றால் இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டுத் தொலைத்தேன். மனிதர் விழித்தார். யாருடைய பெயர், அதில் ஏன் பாதி என்று கேட்டார். சம்பளத்தைச் சொல்கிறேன் என்றதும் சிரித்தார். தாயாரின் நினைவு நாளுக்கெல்லாம் இங்கே சம்பளம் வெட்டுவதில்லை என்றார்.

இலண்டனுக்கு வந்து இத்தனை காலமாகியும் வாய்க்குள் தோட்டம் அப்படியே இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். விடியும் முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, மலை ஏறி, சொன்ன அளவு கொழுந்து பறித்துக் கொடுத்தால் ஒரு பேர் விழும். பிந்தி வந்தால் அரைப்பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளைக்கு உங்கள் முகம் பிடிக்காமல் போனாலும் அரைப்பேர்தான். நாள் முழுக்க உழைத்தவளுக்குப் பாதிக் கூலி என்று அர்த்தம்.

என் அம்மா ஞானம்மாளுக்கு விழுந்த ஓர் அரைப்பேரைப் பற்றியும், அதைப் போட்ட வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரியைப் பற்றியும் எழுதப் போகிறேன். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வக்கீல் கடிதம் வரும். எங்கள் தோட்டத்தில் அவரை 'அரைப்பேர்த் துரை' என்றுதான் சொல்வோம், அதுவே போதும். பெருந்தன்மையாக மன்னித்துவிட்ட கதை என்று நினைத்து யாராவது படிக்க உட்கார்ந்தால், இப்போதே எழுந்து போய்விடலாம்.

2

எனக்கு இங்கே காப்புறுதிக் கம்பனியில் வேலை. தீப்பிடித்த கடை, வெள்ளம் புகுந்த கிடங்கு, மோதிய லொறி என்று வரும் நட்டஈட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவு. இந்த ஊர்க்காரர்கள் எதற்கெல்லாம் காப்புறுதி எடுக்கிறார்கள் என்று முதலில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. கடைக் கண்ணாடிக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் அதற்கும் ஒன்று. இந்தப் பயந்தாங்கொள்ளிகளா நம்மை ஆண்டார்கள் என்று வியந்தேன்.

ஆனால் பயத்துக்கும் காப்புறுதிக்கும் பெரிய சம்பந்தமில்லை. பயம்தான் காரணம் என்றால் உலகத்திலேயே அதிகம் காப்புறுதி எடுத்தவர்கள் லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் ஜனங்களாக இருந்திருப்பார்கள். மண்சரிவுக்குப் பயம், நெருப்புக்குப் பயம், துரைக்குப் பயம், குடியுரிமையை முடிவு செய்யும் பிரசாவுரிமைக் கந்தோரிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று பயம். பயத்தில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்களில்லை.

இதை நான் அட்டன் கடைவீதியில் கண்டுகொண்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்ததும் அங்கே ஒரு ஹாஜியாரின் மொத்தக்கடையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அரிசி, துணி, நுவரெலியா மரக்கறியைக் கொழும்புக்கு ஏற்றும் லொறிகள் என்று பல வியாபாரம். ஒரு வெள்ளைக்காரக் காப்புறுதிக் கம்பனியின் ஏஜன்சியும் அவரிடம் இருந்தது. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் தீக் காப்புறுதி எங்கள் கடை வழியாகத்தான் போகும். வேடிக்கை என்னவென்றால், ஹாஜியார் தன் கடைக்கு மட்டும் எடுக்கவில்லை.

"ஏன் முதலாளி, ஊருக்கெல்லாம் வித்துட்டு நீங்க எடுக்கலியே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அல்லா இருக்கான் தம்பி" என்று மேலே கையைக் காட்டினார்.

கடையைப் பெரிதாக்க வங்கியில் கடன் கேட்டார். அடுத்த வாரமே பொலிசி எழுதச் சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னா சிரிப்பு? எனக்கு அல்லா போதும். பேங்க்காரனுக்குப் போதாதாமே."

லொறிகளுக்கும் அதே கதைதான். சட்டம் கேட்டது, பொலிஸ்காரன் மறித்துக் கேட்டான், அதனால் எடுத்தார். தானாக ஆசைப்பட்டு எடுத்தது ஒரே ஒரு தடவை. ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு, "அதுக்கும் சேத்துப் போட்டுரு தம்பி" என்றார். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். முணுமுணுக்காமல் கட்டினார்.

கடைக்கு எடுத்தபோது ஒரு பேச்சு நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வங்கி கொடுத்த கடன் கடையின் மதிப்பில் பாதிதான் இருக்கும். அந்த அளவுக்கு மட்டும் காப்புறுதி போட்டால் போதும் என்றார் ஹாஜியார்.

"அப்பிடிப் போடாதீங்க முதலாளி. நூறு ரூவா சாமானுக்கு அம்பதுக்குத்தான் போட்டிருக்கீங்கன்னு வைங்க. பத்து ரூவா சாமான் எரிஞ்சா அஞ்சுதான் தருவாங்க. மீதிப் பாதிக்கு நீங்க பணம் கட்டலியே. பத்திரத்துலயே அப்பிடித்தான் இருக்கு."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "அட, இது உங்க தோட்டத்து அரைப்பேருல்ல!" என்றார். முனகிக்கொண்டே முழு மதிப்புக்கும் எடுத்தார்.

3

டயகமைக்குப் போகும் வழியில் எங்கள் தோட்டம். நான் அட்டனில் கடை மாடியில் தங்கியிருந்தேன். அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தார்.

தனியாக என்று சொல்லக்கூடாது. அவருடன் ஒரு தையல் மிஷின் இருந்தது. கையால் சுற்றும் மிஷின். சீட்டுக் கட்டி, கழுத்தில் கிடந்ததை விற்று வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பார். "இன்னும் ரெண்டு வருசம்பா. அப்புறம் இந்தக் கூடைய எறிஞ்சிட்டு அட்டன்ல ஒக்காந்து தைப்பேன்" என்பார். அம்மா அந்த மிஷினுக்குத் துணி உறை தைத்துப் போட்டிருந்தார், குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல.

மழையே இல்லாத ஒரு மாசி மாதம். காற்றும் பலமாக அடித்தது. யார் வீட்டு அடுப்புப் பொறியோ தெரியவில்லை, பகலில் லயம் தீப்பிடித்துக்கொண்டது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் புகையைக் கண்டார்கள். அந்த லயத்துப் பெண்கள் பறிக்க ஒதுக்கிய நிரையை விட்டு, கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது கூரைத் தகரம் வளைந்து உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மிஷினை இழுக்க உள்ளே பாய்ந்தவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்களாம். முன்கையில் தோல் வெந்து போனது.

ஓடிய பெண்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்கு அரைப்பேர். அனுமதி இல்லாமல் நிரையை விட்டார்கள், கொழுந்து வெயிலில் வாடிப்போயிற்று, மத்தியான நிறுவைக்கு வரவில்லை என்பது காரணம். கணக்கப்பிள்ளைகூடக் கொஞ்சம் தயங்கினாராம். "நெருப்பு அணைக்க ஆள் அனுப்பியாச்சு. பொம்பள ஏன் ஓடுனா? அரைப்பேர் போடு" என்று துரை தன் தமிழில் சொன்னாராம். துரைமார்களுக்குத் தமிழ்ப் பரீட்சை உண்டு. ஏவவும் ஏசவும் வேண்டிய அளவுக்கு எங்கள் மொழியைப் படித்து வைத்திருப்பார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா மிஷினைப் பற்றிப் பேசவில்லை. கையைக்கூடக் காட்டவில்லை.

"வூடு எரியிதுன்னு ஓடுனதுக்கு அரைப்பேரு போட்டுட்டான்ப்பா. நான் காலையிலேருந்து எடுத்த கொழுந்து அங்கனயே கெடக்குதே, அதுக்குமா அரைப்பேரு?"

இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு நெஞ்சு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

4

லயம் தோட்டக் கம்பனியின் கட்டடம். எங்கள் ஏஜன்சி வழியாகத்தான் அதற்கும் காப்புறுதி. கொழும்பிலிருந்து சேதம் மதிப்பிட ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஏஜன்சி கிளார்க்காகிய நான் போனேன். நான் எந்த வீட்டுப் பிள்ளை என்று துரைக்குத் தெரியாது. கால்சட்டை போட்ட கிளார்க்கின் முகத்தை அவர் எதற்குப் பார்க்கப் போகிறார்?

கூரையையும் சுவரையும் அளந்து முடித்த பிறகு வந்தவர் கேட்டார். "உள்ளே என்ன இருந்தது?"

துரை ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "ஒன்றும் இல்லை. இந்த ஜனங்களிடம் என்ன இருக்கும்?"

அப்போது நாங்கள் நின்றது என் அம்மாவின் காம்பரா வாசலில். அம்மா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்து மெதுவாக, "என்னப்பா சொல்லுறாரு?" என்றார்.

"உள்ளுக்கு ஒன்னுமில்லேன்னு சொல்றாரும்மா."

அம்மா குனிந்து, சாம்பலுக்குள் கிடந்த மிஷின் சக்கரத்தைக் காலால் தள்ளிக் காட்டினார். "அப்ப இது என்னவாம்?"

யாரும் பார்க்கவில்லை. கட்டடத்துக்கு உரிய நட்டஈடு தோட்டக் கம்பனிக்கு வந்தது. புதுத் தகரம் போட்டார்கள்.

திரும்பும்போது காரில் அந்த மதிப்பீட்டாளரிடம் கேட்டேன், லயத்து ஆட்கள் தங்கள் சாமானுக்குக் காப்புறுதி எடுக்க முடியுமா என்று. அவர் கெட்டவரில்லை, பொறுமையாகவே விளக்கினார். வீடு அவர்கள் பெயரில் இல்லை. வேலை போனால் வீடும் போகும். கடன் கொடுத்த வங்கி எதுவும் பின்னால் நின்று வற்புறுத்தவில்லை. எடு என்று சொல்லும் சட்டமும் இல்லை. வாங்கிய பொருளுக்கு ரசீது இல்லை. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. அவர்கள் கட்டக்கூடிய சில்லறையை வசூலிக்க ஆள் அனுப்பினால் அவன் பஸ் கூலிக்கே போதாது. "ஆகவே அங்கே தேவை என்று ஒன்று கிடையாது" என்று முடித்தார்.

தேவை கிடையாதாம். அம்மாவின் வெந்த கையை அவர் பார்த்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பாரோ.

அம்மா அதற்குப் பிறகு மிஷின் வாங்கவே இல்லை. கூடையோடு மலை ஏறி, கூடையோடு இறங்கி, சில வருடங்களில் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஒரு நாள், "அந்த அரைப்பேர யாருகிட்டப்பா போயிக் கேக்குறது?" என்றார். நான் கேட்கிறேன் அம்மா என்றேன். நோயாளியைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை இல்லை அது.

5

பிறகு நான் ஹாஜியார் ஏஜன்சி எடுத்திருந்த காப்புறுதிக் கம்பனியின் கொழும்புக் கந்தோருக்கு மாறினேன். அரசாங்கம் காப்புறுதித் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும் கம்பனி மூட்டை கட்டியது. சிங்களம் எழுதத் தெரியாத தோட்டத்துப் பையனுக்குப் புதிய அரசாங்கக் கூட்டுத்தாபனத்தில் யார் நாற்காலி போடுவார்கள்? பழகிய கிளார்க் என்று கம்பனி என்னை இங்கே இலண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டது. பாஸ்போர்ட் கந்தோரில் அப்பாவின் பிறப்புச் சான்றைக் கொண்டு வா என்றார்கள், கொண்டுபோனால் தாத்தாவுடையதைக் கேட்டார்கள். ஞானஸ்நானப் பதிவைத் தேடிக் கொடுத்து, கூடவே வந்து சண்டையும் போட்ட ஒரு பாதிரியார் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

இங்கே பனி, ரயில், கந்தோர், மறுபடியும் ரயில். மகள் ரூத் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தமிழைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சொல் 'அப்பாயி'. பார்த்தேயிராத என் அம்மாவை மட்டும் அப்படித்தான் சொல்வாள், படத்தைக் காட்டி வளர்த்த பழக்கம்.

6

சென்ற குளிர்காலத்தில் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் தேநீர்க்கடை. எண்ணெய் அடுப்பு கவிழ்ந்து தீ. உரிமையாளர், இலங்கையில் தோட்டத் துரையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மேலதிகாரியும் நானும் போனோம். வாசலில் நரைத்த மனிதர் நின்றார். முதுகு வளைந்திருந்தது. அவர்தானா என்று ஒரு நிமிடம் சந்தேகம். அதற்குள் ஒரு நாய் எங்கள் மேல் பாய்ந்தது. "ஏய்! இங்க வா! படு!" என்று தமிழில் அதட்டினார். நாய் படுத்துக்கொண்டது. "கீழை நாட்டு மொழி, நாய்களுக்கு நன்றாகப் புரிகிறது" என்று மேலதிகாரியிடம் சிரித்தார். என்னைப் பார்த்து, "பம்பாயா?" என்றார். நான் புன்னகை செய்தேன்.

கட்டடத்தை மேலதிகாரி பார்த்துக்கொண்டார். சாமான்களை என்னிடம் விட்டார். பத்திரத்தைப் படித்திருந்தேன். கடை வைக்க வங்கியில் கடன் வாங்கியிருந்தார், வங்கி வற்புறுத்தியதால் காப்புறுதி எடுத்திருந்தார், அதையும் கடன் அளவுக்கு மட்டும் எடுத்திருந்தார். ஹாஜியார் செய்யப் பார்த்த அதே கஞ்சத்தனம். ஹாஜியாருக்குச் சொல்ல நான் இருந்தேன்.

நல்ல மனதுள்ள எவனும் இந்த இடத்தில் இலேசாக ஒரு வார்த்தை சொல்லிவைப்பான். ஐயா, எரியாத சாமானின் மதிப்பைக் கூட்டிச் சொல்லாதீர்கள், மொத்த மதிப்பு ஏற ஏற உங்களுக்குக் கிடைக்கும் பங்கு இறங்கும் என்று. எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். நான் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"உள்ளே என்ன இருந்தது?"

மடை திறந்ததுபோல் ஆரம்பித்தார். எரிந்தது ஒரு பக்கத்து மேசை நாற்காலிகளும் திரைகளும்தான். ஆனால் அவர் என்னை அறை அறையாகக் கூட்டிப் போனார். நெருப்புத் தொடாத வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள், கண்டியில் வாங்கிய பித்தளை விளக்குகள், கருங்காலி அலமாரி, சீனத்துக் கோப்பைகள். ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னார். இது கிடைக்காத பொருள் என்றார், இதற்கு இணையே இல்லை என்றார். சுவரில் கூடையோடு சிரிக்கும் கொழுந்துப் பெண்களின் படம் ஒன்று. அதற்கும் ஒரு விலை சொன்னார்.

"வேறு ஏதாவது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சொன்ன விலையை அப்படியே எழுதினேன். ஒரு பென்னி கூட்டவில்லை, குறைக்கவில்லை. "இந்த ஜனங்களிடம் என்ன இருக்கும்" என்று சொன்ன வாய் அன்றைக்கு மூடவே இல்லை. கடைசியில் தன் கடையின் மதிப்பைக் காப்புறுதித் தொகையைப் போல இரண்டு மடங்குக்கு ஏற்றிவிட்டுத்தான் நின்றார். இறுதியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

7

எங்கள் முடிவு கடிதமாகப் போனதும் துரை கந்தோருக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. மேலதிகாரி வெளியே போயிருந்தார். என் மேசைக்கு முன்னால் நின்று, எரிந்ததில் பாதிதானா என்று கத்தினார். "நான் ஏமாற்றுக்காரனா? இது என்ன அநியாயம்? முழுப் பணத்தையும் நம்பிப் பழுதுபார்க்க ஆட்களை அமர்த்திவிட்டேன்" என்றார்.

ஆங்கிலத்தில் விதியை விளக்கினேன். புரியவில்லை என்றார். சரி, புரிகிற மொழியில் சொல்லலாம் என்று எழுந்து நின்றேன்.

"அரைப்பேர், தொரை."

கத்திக்கொண்டிருந்தவர் நின்றார். என் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். உதடு அசைந்தது. பல வருடம் பழகிய கேள்வி தானாக வெளியே வந்தது.

"நீ... எந்தத் தோட்டம்?"

சொன்னேன். "லயம் எரியிறப்ப நிரைய வுட்டு ஓடுனாங்களே, அந்த ஞானம்மா மகன். பொம்பள ஏன் ஓடுனா, அரைப்பேர் போடுன்னு சொன்னீங்க. உள்ளுக்கு ஒன்னுமில்லேன்னும் சொன்னீங்க."

அவர் கண்ணில் அம்மா இல்லை. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. எத்தனை லயம், எத்தனை பெண்கள், எத்தனை அரைப்பேர், எதை என்று ஞாபகம் வைப்பார்? அவர் நினைவு வைத்திருந்தால்கூட என் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். மேலதிகாரியிடம் முறையிடலாம் என்று நானே விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினேன். அம்மாவுக்கு இந்த வழியும் இருக்கவில்லை என்றேன்.

முறையிட்டார். மேலதிகாரி என் தாள்களைப் பார்த்தார். எல்லா விலையும் துரையே சொன்னது, துரையே கையெழுத்துப் போட்டது. பாதிதான் என்று உறுதியாயிற்று.

8

அன்று மாலை வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையையும் தமிழில் சொன்னேன். ரூத் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். அவளுக்கு விளங்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

முடித்ததும் அவள் தலையைத் தூக்கினாள். வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

"ஆனால் அப்பா, அவருக்குப் பாதி கிடைத்ததே. அப்பாயியின் தையல் மிஷினுக்கு என்ன கிடைத்தது?"

கையிலிருந்த இனிப்பைத் தட்டில் வைத்தேன். இத்தனை வருடம் காப்புறுதித் தொழிலில் இருக்கும் எனக்கு அது தோன்றவில்லை. அம்மாவின் அரைப்பேருக்கு மட்டும்தான் நான் பதில் வாங்கியிருக்கிறேன். வெந்த கை, வளைந்த தகரத்துக்குள் கிடந்த அந்தச் சக்கரம், அட்டனில் உட்கார்ந்து தைப்பேன் என்ற பேச்சு, எதற்கும் யாரும் எதுவும் தரவில்லை.

"ஒன்றும் கிடைக்கவில்லை" என்றேன்.

"அப்படியென்றால் இன்னும் முடியவில்லை" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடத் தொடங்கினாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

துரை தேநீர்க்கடையைத் திரும்பத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கடன் இன்னும் தீரவில்லை, ஆகவே காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் வங்கி அவரை விடாது. வேறு கம்பனிக்குப் போனாலும், முன்பு நட்டஈடு கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்குத்தான் எழுதிக் கேட்பார்கள். பத்திரத்தைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்குகிறது. அந்தக் கோப்பு, நான் எழுதும் குறிப்போடு, என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். வரட்டும்.